பக்கம் 214-இல் ஒரு பை

1

இந்தக் கதை பிறந்தது, என்னைத் திட்டி எழுதப்பட்ட ஆறேழு வரியில்.

நான் காதல் நாவல் எழுதிப் பிழைக்கிறவன். பெண் பெயரில் எழுதுகிறேன். அப்படித்தான் எடுபடும் என்றார் பதிப்பாளர், நானும் தலையாட்டினேன். இதுவரை பத்தொன்பது நாவல். இருபதாவதை எழுத உட்கார்ந்தால் கொட்டாவி வருகிறது. போன மாதம் அப்படிக் கொட்டாவி விட்டுக்கொண்டே இணையத்தில் என் நாவலைத் தேடியபோது ஒரு வாசகியின் பக்கம் கண்ணில் பட்டது. தலைப்பு: ‘சமீபத்தில் படித்தவை’. வாரம் ஒரு நாவல், பெரும்பாலும் இந்தக் காலத்துக் காதல் கதைகள்.

ஒன்றைப் பற்றி இப்படி: “நாயகனுக்கு என்ன வேலை என்று கடைசிவரை தெரியவில்லை. எப்போது கூப்பிட்டாலும் வந்து நிற்கிறான். இப்படி ஓர் ஆளை எந்த அலுவலகம் வைத்துக்கொள்கிறது?”

இன்னொன்று: “மேல் வரிசை அழகு. கீழ் வரிசையும் அழகு. சேர்த்துக் கடித்தால் உட்காரவில்லை. இந்த நாவலின் ஜோடி அப்படி.”

வேறொன்று: “முன்னூறு பக்கம் சண்டை போடுகிறார்கள், ஒருவரும் ஒரு பாத்திரம் கழுவவில்லை. ஆனாலும் கடைசியில் அழுதுவிட்டேன். எனக்கே எரிச்சல். மூன்றரை நட்சத்திரம்.”

பிறகு என்னுடையது. “பக்கம் 214. கணவனை விட்டுக் கிளம்பும் நாயகி பை கட்டுகிறாள். இரண்டு உடுப்பு, கல்யாண போட்டோ, அம்மா எழுதிய கடிதம். இதை எழுதியவர் பெண்ணாக இருக்க முடியாது. அல்லது ஒருநாளும் பை கட்டியதில்லை. போகிறவள் முதலில் எடுப்பது படிப்புச் சான்றிதழ். அப்புறம் மூக்குக்கண்ணாடி, மூட்டுவலி மாத்திரை, போன் சார்ஜர். போட்டோவை எவளும் எடுக்கமாட்டாள். பக்கம் 231-இல் அவள் திரும்பி வருவதும் பொய். இரண்டு நட்சத்திரம்.”

கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒரு வரி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: ‘நான் கட்டியிருக்கிறேன்.’

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அவள் கண்களில் ஒரு சோகம் குடியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை

[விட்டுவிட்டேன். என் பத்தொன்பது நாவலிலும் பெய்தது இதே மழைதான்.]

இரண்டாவது தொடக்கம்: அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பல் செட் செய்யும் கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை.

இது போதும். இதிலிருந்தே போகிறேன்.

பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, அதில் பல் அடுக்குவது அவள் வேலை. கூடத்தில் அவளுக்கு ‘மெழுகு அக்கா’ என்று பெயர். ஒவ்வொரு செட்டிலும் ஒரு பல்லை மயிரிழை கோணலாக வைப்பாள். “எல்லாம் ஒரே சீரா இருந்தா கட்டின பல்லுன்னு காட்டிக்கொடுத்துடும் சார்,” என்று போனில் எனக்கு விளக்கினாள். அந்த ஒரு வரிப் பதிலுக்குப் பிறகு, மதிய இடைவேளைகளில் நாங்கள் நாலைந்து முறை பேசியிருப்போம். இங்கே நான் சொல்வதெல்லாம் அப்போது கேட்டது. கேட்காததைச் சொன்னால் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லோருக்கும் ‘மாஸ்டர்’. பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும்.

“வீட்டுலயும் அவர் பக்கம் ஒண்ணு இருந்துச்சு. நான் பாதி சொல்றதுக்குள்ள ‘இல்ல’ன்னு ஒரு மிதி. வியாழக்கிழமை கடைக்குப் போனேன்னா, ‘இல்ல, புதன்.’ நெஞ்சு வலிக்குதுன்னா, ‘இல்ல, அது வாயு.’ அடிச்சதில்ல, குடிச்சதில்ல. வெளிய சொன்னா சிரிப்பாங்க. இருபத்தெட்டு வருஷம் சார். ஒரு வாக்கியத்தை முழுசாச் சொல்லி முடிக்கணும்போல இருந்துச்சு.”

பழைய தோழி ஒருத்தியின் வீட்டில் ஒரு அறை சொல்லிவைத்தாள். பையைக் கட்டிக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்டர் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தாள்.

(அவள் வாசற்படி தாண்டிய அதே நிமிடத்தில் மாஸ்டர் சாய்ந்தார் என்று எழுதியிருந்தேன். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பை பதினேழு நாள் அங்கேயே கிடந்தது. ஒரு நாள் அவசர வேலை, ஒரு நாள் குழாய் ரிப்பேர், மற்ற நாளெல்லாம் வெறும் அலுப்பு. பதினெட்டாம் நாள், ஒரு மாணவிக்கு வண்டியைப் பின்னோக்கி எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது மாஸ்டருக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு. மூன்றும் போயின.)

“அந்தப் பை?” என்று கேட்டேன்.

“அங்கதான் இருக்கு. சார்ஜரை மட்டும் எடுத்தேன், ஆஸ்பத்திரியில தேவைப்பட்டுச்சு.”

3

மாஸ்டருக்குத் திரும்பி வந்தது ஒரே ஒரு சொல். எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் “இல்ல” என்பார், குடித்துவிடுவார். போதுமா என்றால் “இல்ல” என்பார், வாயை மூடிக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், “தினமும் ஒரு மணி நேரம் எதையாவது வாசிச்சுக் காட்டுங்கம்மா, எதுவா இருந்தாலும் சரி,” என்றாள். செய்தித்தாள் அவரைக் களைக்கவைத்தது. வீட்டில் மிச்சமிருந்தவை அவளுடைய காதல் நாவல்கள்தான். இருபத்தெட்டு வருடமாக அவர் ‘குப்பை’ என்று சொன்ன அதே புத்தகங்கள்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து அவரைத் துடைத்து, உடை மாற்றி, ஊட்டி, பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். நாளெல்லாம் பல் அடுக்கிவிட்டு வந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் கட்டில் அருகே நாற்காலியைப் போட்டு, யாரோ இரண்டு பேர் கடற்கரையில் உருகுவதைச் சத்தமாக வாசிப்பாள். பாதியில் அவளே தூங்கிவிழுந்த நாளும் உண்டு.

ஒரு நாள், நாயகி கூப்பிட்டதும் நாயகன் நாலாவது தடவையாக வந்து நின்றபோது, மாஸ்டர் “இல்ல, இல்ல” என்று இடது கையால் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். இவனுக்கு வேலைக்கு நேரமாகவில்லையா என்று அர்த்தம். அவள் சிரித்துவிட்டாள். அவர் எதிரில் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வாரம் அதைத் தன் இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் வந்த கருத்துகளில் பாதி அவருடையவை.

[இந்த மனிதரை நான் சந்தேகிக்கிறேன். நோய் வந்தவரை நல்லவராக்கிவிடுவது எங்கள் தொழிலில் சுலபமான வேலை. “மாறிட்டாரா?” என்று அவளிடமே கேட்டேன். “மாறலை. வார்த்தை குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். இப்பவும் நான் சட்டைப் பொத்தான் போட்டா ‘இல்ல’ன்னு கழட்டிவிடுறார்.” ஆகவே அவரை அப்படியே விட்டுவைக்கிறேன்.]

4

பதினாலு மாதம் இப்படிப் போனபின், என் நாவல் அவர்கள் கைக்கு வந்தது. நாலாம் நாள் 214-ஆம் பக்கம். நாயகி பை கட்டுகிறாள். நிறுத்தினால் தெரிந்துவிடும் என்று வாசித்துக்கொண்டே போனாள். மாஸ்டர் சும்மா இருந்தார். 231-இல் நாயகன் ரயில் நிலையத்துக்கு மூச்சிரைக்க ஓடிவருகிறான். நாயகி பையைக் கீழே போடுகிறாள்.

“இல்ல,” என்றார் மாஸ்டர்.

மறுபடி வாசித்தாள்.

“இல்ல.”

புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். “எது இல்ல? அவன் வரமாட்டானா, அவ திரும்ப மாட்டாளா?”

“இல்ல.” இந்த முறை மெதுவாக.

எந்தத் துணிச்சலில் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. “நான் பை கட்டி வெச்சிருந்தது உங்களுக்குத் தெரியுமா?”

அவள் கேட்ட எதற்கும் அந்தச் சொல் வராமல் இருந்ததில்லை. அன்று வரவில்லை. இடது கையை நீட்டி அவள் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்தார். தாள்களோடு தடுமாறிப் பின்னால் திருப்பி, பை கட்டுகிற பக்கத்தை விரித்து அவளிடம் நீட்டினார்.

(இந்த இடத்தில் நாயகியை அழவைப்பது என் கைப்பழக்கம். அவள் அழவில்லை. இன்றைக்குப் போதும் என்று எழுந்துபோய், அடுப்பில் கொதித்ததை இறக்கினாள்.)

“அலமாரியில என் சர்டிபிகேட் இருந்த இடம் காலியா இருந்ததைப் பார்த்திருப்பார் சார்,” என்றாள் என்னிடம். கூடத்தில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. “அந்தப் பதினேழு நாளும் அவர் என்னைத் திருத்தவே இல்ல. இப்பத்தான் ஞாபகம் வருது. நான் பாட்டுக்குப் பேசியிருக்கேன். கவனிக்கலை.”

5

இதை அவள் என்னிடம் சொன்ன அடுத்த வாரம் நாத்தனார் வந்தார். மாஸ்டரின் அக்கா. குத்திக்காட்ட வரவில்லை, அவளைப் பார்த்ததும் உண்மையாகவே முகம் வாடிவிட்டது.

“பாதியா எளைச்சுட்ட நீ. அவனை நான் கூட்டிட்டுப் போறேன். என் வீடு தரைத்தளம், படி ஏற வேண்டாம். பகல்ல நான் வீட்டுலதான் கெடக்கேன். சனிக்கிழமை பத்து மணிக்குக் கார் கொண்டுவர்றேன். எத்தனை நாளைக்குன்னு இப்பப் பேச வேண்டாம்.”

“அவரை ஒரு வார்த்தை கேக்கலாம் அண்ணி.”

“என்ன கேட்டாலும் அவன் ஒண்ணுதானே சொல்லுவான்.”

ஆனாலும் கேட்டாள். “அக்கா வீட்டுக்குப் போறீங்களா?”

“இல்ல.”

“அப்ப இங்கயே இருக்கீங்களா?”

“இல்ல.”

நாத்தனார் பெருமூச்சு விட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

இதைக் கேட்டதும் எனக்குப் பழைய தொழில்புத்தி விழித்துக்கொண்டது. இரண்டு முடிவு எழுதி அவளுக்கே அனுப்பினேன். முதலாவதில், கார் போகிறது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டு அறைக்குப் போய் ஜன்னலைத் திறக்கிறாள். இரண்டாவதில், காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஐந்து மணிக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள்.

வியாழக்கிழமை, முதன்முறையாக அவளே கூப்பிட்டாள்.

“முதல் முடிவுல நான் ரொம்ப தைரியசாலி. ரெண்டாவதுல ரொம்ப நல்லவ. ரெண்டு பேரும் எனக்குப் பழக்கமில்ல சார்.”

“வேற எப்படி எழுதட்டும்?”

“எனக்கு முதுகு வலிக்குது. அதை எங்கயாவது எழுதுங்க. காலையில அவரைத் தூக்கி உக்காரவெக்கும்போது, போதும்டா சாமின்னு இருக்கு. சாயங்காலம் வாசிக்கும்போது, அடுத்து எந்த இடத்துல நிறுத்துவார்னு பார்க்கணும்போல இருக்கு. ரெண்டும் ஒரே நாள்லதான்.” பிறகு சொன்னாள்: “சனிக்கிழமை என்ன ஆச்சுன்னு கேட்டு போன் பண்ணாதீங்க. நான் சொன்னா எழுதிடுவீங்க. எழுதிட்டீங்கன்னா அப்புறம் நான் மனசு மாத்த முடியாது.”

6

சனிக்கிழமை போய்விட்டது. நான் போன் செய்யவில்லை. எழுதிப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை:

பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. குனிந்து அவர் வலது காலில் செருப்பை மாட்டிவிட்டு, அவள் நிமிர்ந்து

நிமிர்ந்து என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. வாக்கியம் அப்படியே கிடக்கிறது.

இன்று புதன்கிழமை. அவள் பக்கத்தில் ஒரு புதுப் பதிவு வந்திருக்கிறது. வேறு யாரோ எழுதிய நாவல். “நூற்று நாற்பது பக்கம் படித்தாயிற்று. நாயகி கொஞ்சம் அதிகம் பேசுகிறாள். பரவாயில்லை, பேசட்டும். மீதி அடுத்த வாரம்.”

படித்தாயிற்று. படித்தேன் என்று இல்லை, படித்தோம் என்றும் இல்லை. யார் வாசித்தார், பக்கத்தில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தாரா என்று அந்தச் சொல்லிலிருந்து கறக்க முடியவில்லை. முக்கால் மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த விகுதியைச் சேர்த்துப் படிப்பது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்கிறேன்.