சுவரில் ஒட்டிய பொட்டு

ஒரு முகம். பூமிக்கு அடியில், மெட்ரோ நிலையத்தின் சுவர் முழுக்க ஒரே ஒரு பெண்ணின் முகம். உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பதித்துச் செய்தது. ஒருக்களித்துப் படுத்த முகம். அதனால் நெற்றி கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது.

மேலே ஐப்பசி மழை. கீழே ஈரக் குடைகளோடு ஓடுகிற கூட்டம். மெட்ரோவில் எனக்கு இதுதான் முதல் பயணம். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன். நின்றதால் பார்த்தேன்.

செய்தவர் அந்த நெற்றியை வெறுமையாக விட்டிருக்கிறார். நம் பெண்கள் விடுவார்களா? குளியலறைக் கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் தங்கள் ஸ்டிக்கர் பொட்டை அங்கே ஒட்டியிருந்தார்கள். சிவப்பு. மெரூன். கல் வைத்தது. கடுகளவில் ஒரு கறுப்பு.

சிரிப்பு வந்தது. கை தானாக என் நெற்றிக்குப் போனது.

என் நெற்றியும் வெறும் நெற்றிதான். கணவர் இறந்ததிலிருந்து. காரியத்தன்று என் வீட்டுக் கண்ணாடியில் இருந்த பொட்டுகளைக்கூட நாத்தனார் புனிதா சுரண்டி எடுத்தாள். நகத்தால். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று என் மகள் அபிநயாவுக்கு வளைகாப்பு. விடிந்ததும் புனிதாவின் போன்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. சுமங்கலிங்க வளையல் போட்டு முடிக்கட்டும். நீங்க மெதுவா சாப்பாட்டுக்கு வாங்க."

சரி என்றேன். எத்தனையோ வருஷத்துப் பழக்கம், சரி என்பது.

அடுத்து மகள். "அம்மா, முதல் வளையல் நீதான் போடணும். நீ வராம நான் கையையே நீட்டமாட்டேன்."

அதற்கும் சரி என்றேன். இரண்டு சரிகளோடு வீட்டைவிட்டுக் கிளம்பியவள், இப்போது இந்த முகத்தின் முன்னால் நிற்கிறேன்.

ஈரத் துணியோடு துப்புரவுப் பெண் வந்தாள். "தினம் தொடைக்கிறேன்க்கா, தினம் வந்துடுது. எந்த மகராசிங்க ஒட்டுறாங்களோ! வாங்கிக் கட்டிக்கிறது நானு."

"கொஞ்சம் இரும்மா" என்றேன்.

இருப்பதிலேயே பெரிய சிவப்பை உரித்தேன். யாருடையதோ. பசை இன்னும் இருந்தது. என் நெற்றியில் வைத்து அழுத்தினேன்.

"நேரா இருக்கா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வெறும் கழுத்தையும் பார்த்தாள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் பொட்டைச் சற்று நகர்த்திவிட்டாள்.

"இப்ப நேரா இருக்குக்கா. போயிட்டு வாங்க."

போனேன். வளைகாப்பு நடக்கும் கூடத்தில் நுழைந்தேன். மஞ்சள், சந்தனம், தட்டு நிறைய வளையல். புனிதா எழுந்து வந்தாள்.

"அண்ணி, என்ன இது?"

"பொட்டு" என்றேன்.

அபிநயா கையை நீட்டினாள். பச்சைக் கண்ணாடி வளையல். ஒன்று போட்டேன். இன்னொன்று போட்டேன். இரண்டும் உரசிச் சத்தம் எழுந்தது. வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளைக்கு முதலில் கேட்டது அந்தச் சத்தம்.

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். பெற்றவள் கை ஆகாது என்று சொல்லும் சகுனம் எனக்கு வேண்டவே வேண்டாம். சாப்பாட்டுக்கும் இருந்தேன். இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. நிலையத்தின் படிகளில் மாலை வெயில் பாதிவரை இறங்கியிருந்தது. நானும் இறங்கினேன்.

ஒரு முகம். பூமிக்கு அடியில், சுவர் முழுக்க. துடைத்து வைத்த வெறும் நெற்றி.

வழியில் ஒரு பொட்டு அட்டை வாங்கியிருந்தேன். என் நெற்றியில் இருந்ததைத் தொடவில்லை. அட்டையிலிருந்து ஒன்றை உரித்து அவள் நெற்றியில் ஒட்டினேன். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தேன்.

நாளைக்குத் துடைப்பார்கள். துடைக்கட்டும்.

அட்டையில் இன்னும் நிறைய இருக்கிறது.