பனைமரத்தடியில் பொரி உருண்டை

சாலவாக்கத்துக்குப் பக்கத்து ஏரிக்கரையில் முகாமுக்கு இடம் பார்த்தது சசிரேகாதான். கரைக்குக் கீழே ஐந்து பனைமரங்கள் நெருக்கமாக நின்றன. மே மாத வெயிலுக்கு அந்த நிழல் போதும் என்று நினைத்தாள்.

பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், இரண்டு கூடாரங்கள், ஒரு பகல், ஒரு இரவு. சாரணர் படைக்குப் பொறுப்பான பெஞ்சமின் சார் காலையிலேயே தடியும் மண்வெட்டியுமாக வந்துவிட்டார். பாம்புக்காகப் புல்லை அடித்தார்கள். தேளுக்காகக் கல்லைப் புரட்டினார்கள். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் மாதிரி வெட்டி மஞ்சள்தூள் போட்டார்கள். இரண்டு மணி நேரம் எல்லாரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை.

சசிரேகா வேதியியல் படித்தவள். அந்தப் பள்ளிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவள் பேசினால் முதல் வரிசைக்கு மட்டும் கேட்கும். இரண்டாவது வரிசை, “மிஸ் இன்னா சொல்றாங்க?” என்று முதல் வரிசையைக் கேட்கும். முகாமில் அவளுக்குக் கொடுத்த வேலை, அடுப்பு மூட்டி, பிள்ளைகள் தாங்களே செய்யக்கூடிய ஒரு இனிப்பைச் சொல்லிக்கொடுப்பது. பொரி உருண்டை என்று முடிவு செய்தாள். வெல்லம், பொரி, கொஞ்சம் ஏலக்காய், தேங்காய்ப் பல். இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

மாலை நாலரைக்கு மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். அலுமினியப் பாத்திரத்தில் வெல்லம் கரைந்து நுரைத்தது. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்க்கச் சொல்லி, பக்கத்திலிருந்த நிஷாவிடம் தட்டை நீட்டினாள். நிஷா நான்காம் வகுப்பு. எலும்பும் தோலுமாக இருப்பாள். மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

“உருளுதா?”

“உருளல மிஸ். ஒட்டிக்கினு கீது.”

“அப்ப இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்.”

நிஷா அந்த விரல்களைச் சப்பினாள். மறுபடியும் தட்டில் தொட்டாள்.

பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பெஞ்சமின் சார், அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

“இன்னா சசி, அடுப்பு உன்ன மாதிரியே கீது? சத்தமே காணோம்!”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் ஒரு சீமைக்கருவேலங் கிளையை முறித்துத் தீயில் சொருகினார். பாதி பச்சை. புகை குபுகுபுவென்று கிளம்பிப் பனையை ஒட்டி நேராக மேலே போனது. பச்சை விறகு வேண்டாம் என்று சசிரேகா சொன்னாள். சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அப்போதுதான் தமிழ்ச்செல்வி சொன்னாள். “மிஸ், எம்மாம் பெரிய ஈ!”

பொரித் தட்டின் விளிம்பில் அது உட்கார்ந்திருந்தது. கறுப்பு உடம்பு. வயிற்றில் ஒரே ஒரு ஆரஞ்சுப் பட்டை. கட்டைவிரல் நுனி அளவு இருக்கும்.

கதண்டு.

அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த விஷக் குளவியின் பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை. சசிரேகா சிறுமியாக இருந்தபோது, ஓலை வெட்டப் பனை ஏறிய ஒருவரை அவர்கள் தெரு வழியாகக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போனார்கள். முகம் எங்கே, கழுத்து எங்கே என்று தெரியாமல் வீங்கியிருந்தது. அவர் திரும்பி வரவில்லை.

ஒன்றுதானே, எங்கிருந்தோ பறந்து வந்திருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். தப்பாக இருந்தால் எல்லாரும் சிரிப்பார்கள். இரண்டாவது வந்தது. அப்போதும் சொல்லவில்லை. மூன்றாவது வந்தபோது அது வந்த வழியைக் கவனித்தாள். பக்கவாட்டிலிருந்து வரவில்லை. நேர் மேலேயிருந்து இறங்கியது.

மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

காய்ந்த மட்டைகளுக்கு நடுவில், மண் நிறத்தில், வரி வரியாக, தவிட்டுக் கூடை அளவுக்கு ஒரு கூடு. புகை அதைத் தொட்டுப் பிரிந்து இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது. கூட்டின் மேற்புறம் நகர்வது போலத் தெரிந்தது. கூடு நகரவில்லை. அதன் மேல் அவை நகர்ந்துகொண்டிருந்தன. மின்கம்பத்துப் பெட்டியின் அடியில் நின்றால் கேட்கும் அந்த முனகல் கேட்டது. அது எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எழுந்து போய்ப் பெஞ்சமின் சாரின் சட்டைக் கையைப் பிடித்தாள். இதுவரை அப்படிச் செய்ததில்லை. அவர் திடுக்கிட்டுப் பாட்டை நிறுத்தினார். அவள் கண்ணால் மேலே காட்டினாள்.

“ஆண்டவரே!” என்றார். அவர் தொண்டையில் அவ்வளவு சின்னக் குரல் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. கை தானாகக் கழுத்திலிருந்த விசிலுக்குப் போனது.

“சார், விசில் வேணாம்.”

அவர் அதைச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். அவள் குடத்தின் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள்.

“ஊத்தாதீங்க. ஊத்தினா மொத்தமா புகை கெளம்பும், கூடு கலைஞ்சிடும்.”

“அப்ப மண்ணப் போட்டு மூடிடலாம்.”

“மூடினாலும் புகையும் சார். எரியணும். நல்லா எரிஞ்சா புகை வராது. நான் பாத்துக்கறேன். நீங்க பிள்ளைங்கள இட்டுக்கினு மோட்டார் கொட்டாய்க்குப் போங்க. ஓடக் கூடாது. பேசக் கூடாது. கைய வீசக் கூடாது.”

“நீ?”

“நான் போனா அடுப்பு புகையும்.”

அவர் மேலே பார்த்தார். பிள்ளைகள் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்தார். ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாகச் சொன்னார்.

சசிரேகா அந்தப் பச்சைக் கிளையைத் தீயிலிருந்து மெல்ல உருவினாள். தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு, காற்று அடிக்கும் திசையில் இருபது அடி தள்ளிப் போய், சேற்றில் நுனியைப் புதைத்தாள். திரும்பி வந்து கொதிக்கும் பாத்திரத்தை இறக்கி, மேலே தட்டைக் கவிழ்த்தாள். காய்ந்த சுள்ளிகளை ஒவ்வொன்றாக, காற்று உள்ளே போகும்படி சாய்த்து வைத்தாள். எரியாமல் தப்பித்துப் போகிற விறகுதான் புகை. வகுப்பில் இதைச் சொன்னபோது பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தீ மஞ்சளாக நிமிர்ந்தது. புகை மெலிந்து, நூலாகி, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போனது.

முனகல் மட்டும் குறையவில்லை.

பிள்ளைகள் குனிந்து வரிசையாக நகர்ந்தார்கள். அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஒன்பது, பத்து. தமிழ்ச்செல்வி கடந்து போகும்போது, “அந்தப் பாகு கெட்டியாயிடும் மிஸ்” என்று ரகசியமாகச் சொன்னாள்.

“போ.”

பதினொன்று.

பன்னிரண்டு வரவில்லை. சசிரேகா திரும்பினாள். நிஷா மரத்தடியிலேயே இருந்தாள். வலது கையை முன்னால் நீட்டியிருந்தாள், அது தன் கையே இல்லை என்பது போல. பாகு ஒட்டிய இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு கதண்டு இருந்தது. வாயால் விரலைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அடிவயிறு மேலும் கீழும் ஆடியது.

நிஷாவின் உதடு கோணிக்கொண்டு வந்தது.

“நிஷா. என்னப் பாரு. அதப் பாக்காத.”

“மிஸ், எனக்குப் பயமா கீது.”

“எனக்கும்தான். கைய மட்டும் ஒதறாத.”

ஒன்று கொட்டினால் கொட்டியதோடு போகாது. அதை நசுக்கினால் அதன் உடம்பிலிருந்து ஒரு வாசனை எழும்பும். கூட்டிலிருக்கும் அத்தனைக்கும் அது அழைப்பு. எங்கோ படித்தது. அந்தக் குழந்தையின் எடை என்ன இருக்கும்? இருபது கிலோ. இருபது கிலோவுக்கு எத்தனை கொட்டு தாங்கும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. வேண்டாம் என்று அதை நிறுத்தினாள்.

ஒரு சுள்ளியைத் தீயில் வைத்துவிட்டு, தட்டை லேசாக விலக்கி, பாகில் விரலைத் தோய்த்தாள். சூடு நகக்கண்ணில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். மண்டியிட்டு நகர்ந்து, தன் கையை நிஷாவின் கைக்குக் கீழே, விரல் விரலைத் தொடும்படி வைத்தாள். குழந்தையின் நாடித் துடிப்பு அவள் விரலுக்கு வந்தது.

கதண்டு சுரண்டுவதை நிறுத்தியது. உணர்கொம்புகள் இரண்டும் இந்தப் பக்கம் திரும்பின. ஒரு கால் வைத்தது. எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. கால்களில் இருந்த கொக்கிகள் ஒவ்வொன்றாக அவள் தோலில் ஏறின.

முழுதாக வந்துவிட்டது.

“இப்ப கைய மெதுவா இழு. தவந்துக்கினு போ. சார் கரை மேல நிக்கிறாரு.”

“நீங்க வரலியா மிஸ்?”

“வரேன். போ.”

நிஷா தவழ்ந்தாள். கரை மேட்டில் பாவாடை முள்ளில் மாட்டிக்கொண்டது. நின்று, எடுத்துவிட்டு, மறுபடி தவழ்ந்தாள். பெஞ்சமின் சார் பாதி தூரம் வந்து அவளை வாரித் தூக்கிக்கொண்டது தெரிந்தது.

சசிரேகா கையை அசைக்காமல் இருந்தாள். தீ தணிந்துகொண்டு வந்தது. அவளால் எட்ட முடிந்த சுள்ளி ஒன்றுதான் மிச்சம். இடது கையால் அதை எடுத்து வைத்தாள். விரலில் இருந்தது அவசரப்படவில்லை. பாகு முழுவதையும் தின்றது. பிறகு மணிக்கட்டுக்கு ஏறியது. வளையலைச் சுற்றி வந்தது. சட்டைக் கைக்குள் இருட்டைப் பார்த்து நின்றது. உள்ளே போனால் என்ன செய்வாள்? கத்திவிடுவாள். நிச்சயமாகத் தெரியும், கத்திவிடுவாள். வாழ்நாள் முழுக்க வராத சத்தம் அப்போது வந்துவிடும்.

அது திரும்பியது. இறக்கையைத் தட்டியது. போய்விட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை. தவழ்ந்தாள். முதல் பத்தடிக்கு மூச்சே விட்டதாக ஞாபகம் இல்லை. பின்னால் முனகல் வந்தது. அது தன்னோடு வருகிறதா, அங்கேயே இருக்கிறதா என்று கரையைத் தாண்டும்வரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மோட்டார் கொட்டாயில் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சமின் சார் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துகொண்டிருந்தார். அரை கிலோமீட்டர் தள்ளி வந்தும் அவர் கிசுகிசுத்தே பேசினார். “சத்தமா சொல்லுங்க சார், கேக்கல” என்று அந்தப் பக்கத்துக் குரல் வெளியே கேட்டது.

“யாரையாவது கொட்டுச்சா?” என்று அவள் கேட்டாள்.

“யாரையும் இல்ல சசி. பன்னெண்டு பேரும் கீறாங்க. ரெண்டு தபா எண்ணிட்டேன்.”

அவளும் எண்ணினாள். பிறகு நிஷாவின் கையைப் பிடித்துத் தொட்டிக்கு அழைத்துப்போய், குழாயடியில் வைத்துக் கழுவினாள். விரல் விரலாக, நகத்துக்கு அடியில், விரல் இடுக்கில். தண்ணீர் தெளிவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாகு எப்போதோ போய்விட்டது. அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“மிஸ்” என்றாள் நிஷா. “வலிக்குது மிஸ்.”