அழுக்குக் கண்ணாடி வழியே இரண்டு லட்சம் டிகிரி

1

இது நான் திருடிய கதை. தாம்பரம் பக்கத்து ராஜகீழ்ப்பாக்கத்தில் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போன என்னிடம் கீழ்வீட்டு சின்மயி அரை மணி நேரம் பேசினாள். நான் பேசவில்லை. பேசாதவனிடம் மனிதர்கள் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள்.

2

முதல் தொடக்கம்: 'விண்கலத்தின் பிளாஸ்மா எஞ்சினுக்குள் இரண்டு லட்சம் டிகிரி. தாம்பரத்தில் மே மாதம்…' வேண்டாம். வெயிலைப் பற்றி எழுதாத தாம்பரத்துக்காரன் ஒருவனாவது இருக்கட்டும்.

இரண்டாவது: கேளம்பாக்கம் பக்கம் ஓர் ஆய்வுக்கூடம். காற்றை உறிஞ்சியெடுத்த இரும்புத் தொட்டிக்குள் எஞ்சின் நீலமாக ஒளிர்கிறது. (எஞ்சினின் சுவர் உருகாதா? பிளாஸ்மா வாயு அவ்வளவு மெலிது. உருகாது, மெதுவாக அரிபடும்.) உள்ளே கம்பியை நீட்டி அளந்தால் கம்பியே பிளாஸ்மாவைக் கலைத்துவிடும். கதைக்குள் மூக்கை நுழைக்கும் ஆசிரியர்கள் கவனிக்க. ஆகவே சின்மயி கண்ணாடி ஜன்னல் வழியே வரும் ஒளியைப் பிரித்து வெப்பநிலையை ஊகிக்கிறாள். நீலம் கூடினால் சூடு கூடுதல். மூன்று மாத அளவீடு. அந்த எண்ணை நம்பி, சுவர் மூவாயிரம் மணி நேரம் தாங்கும் என்று அவளுடைய வழிகாட்டி தோத்தாத்ரி எஞ்சின் செய்பவர்களுக்கு எழுதிவிட்டார்.

3

செவ்வாயன்று தொட்டியைத் திறந்த டெக்னீஷியன் ஜெரோம், ஜன்னலின் உட்புறத்தை விரலால் தேய்த்துக் காட்டினார். பழுப்புப் படலம்.

"இன்னாம்மா, இது வழியாவா பாத்துகினு இருந்த?"

"எப்பலேர்ந்துண்ணா இப்படி இருக்கு?"

"போன மாசமே சார்கிட்ட சொன்னேன். நீ பம்பைப் பாருன்னாரு. பம்பு சூப்பரா கீது."

படலம் நீலத்தை விழுங்கியிருக்கிறது. அப்படியானால் உண்மைச் சூடு அதிகம். சுவர் அத்தனை நாள் தாங்காது. சின்மயி தோத்தாத்ரிக்கு போன் செய்தாள்.

"சார், விண்டோ ஃபுல்லா கோட்டிங் சார்."

"தொடச்சாச்சா?"

"தொடச்சாச்சு சார், ஆனா பழைய டேட்டா…"

"தொடச்சாச்சுல்ல? வெள்ளிக்கிழமை தீசிஸ் சப்மிட் பண்ணு."

4

தோத்தாத்ரியை வில்லனாக்கிப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். நிற்கவில்லை. எழுதி முடித்ததைத் திருத்தச் சொன்னால் நானும் இப்படித்தான் போனை வைப்பேன்.

5

முடிவு அ: சின்மயி மறுக்கிறாள். சுத்தமான கண்ணாடியில் எல்லாம் மறுபடி. அளந்து, கணக்கிட்டு, தீசிஸை மறுபடி எழுத ஓராண்டு போச்சு, உதவித்தொகையும் போச்சு.

முடிவு ஆ: டாக்டர் சின்மயி. எங்கோ உயரத்தில், ஆயிரமாவது மணியில், ஒரு சுவர்

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.)

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மாடியில் கடைசியாக அவள் கேட்டாள்: "நீங்க என்னண்ணா சொல்றீங்க?"

வழக்கம்போல் பேசாமல் நின்றேன்.

"சரிண்ணா, புரியுது," என்று துணிக்கூடையோடு இறங்கிப் போனாள். என்ன புரிந்ததென்று எனக்குத் தெரியவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. அவள் வீட்டு அழைப்பு மணிக்கு என் வாசலிலிருந்து பன்னிரண்டு படி. போய் அழுத்தினால் கதை கலைந்துவிடும். ஆறாவது படியில் நிற்கிறேன். நீங்களாக இருந்தால்