தாளாளர் பெயரில் ஓர் உண்ணி

மனிதன் மாய்ந்தாலும் அவன் பெயரை மாயாமல் காக்க வல்லது அறிவியல் ஒன்றே. ராஜபாளையத்தில் கல்லூரி நடத்தும் பாண்டிதுரை இந்தப் பேருண்மையைக் கண்டடைந்தது ஒரு நத்தையின் மேல் வந்த பொறாமையால்.

அதுவரை அவர் சிமெண்டைத்தான் நம்பியிருந்தார். கல்லூரி முகப்பு, நூலகம், சைக்கிள் ஸ்டாண்டு, மெயின் ரோட்டுப் பேருந்து நிழற்குடை எல்லாவற்றிலும் அவர் பெயர் இருந்தது. ஒரு மழைக்குப் பிறகு நிழற்குடையில் முன்பாதி எழுத்துகள் உதிர்ந்து வெறும் 'துரை' மட்டும் நின்றது. அதையும் அவர் ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் காலைச் செய்தித்தாளில் அந்தச் செய்தி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கல்லூரி வைத்திருக்கும் அவருடைய பழைய போட்டியாளரின் பெயரை, மலையில் கண்டெடுத்த புது நத்தை இனம் ஒன்றுக்குச் சூட்டிவிட்டார்களாம். பாண்டிதுரை காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய், விலங்கியல் துறையை வரச் சொன்னார்.

விலங்கியல் துறை வந்து எதிரே உட்கார்ந்தது. அதன் பெயர் நாஜியா. ஓய்வுபெற்றவர்களின் இடத்தில் யாரையும் போடாததால், தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வரும் அந்த உதவிப் பேராசிரியர்தான் மொத்தத் துறையும். அதையும் இந்த ஆண்டோடு மூடிவிட்டு, அந்த அறையில் ஏசி போட்டு அட்மிஷன் ஆபீஸ் வைப்பதாக நிர்வாகம் முடிவெடுத்திருந்தது.

"நத்தைக்குப் பேரு வச்சிருக்கான், பாத்தியளா?"

"பாத்தேன் சார். நல்ல ஆய்வு."

"ஆய்வு கெடக்கட்டும். எனக்கும் ஒண்ணு வேணும். நீங்க மலையடிவாரத்துல என்னமோ தேடிக்கிட்டுத் திரியிறதாச் சொன்னாங்களே, என்னது அது?"

"உண்ணி சார். ஆடு மாட்டுல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்குமே, அது."

அவர் முகம் சுருங்கியது. "புலி மாதிரி ஏதாச்சும் பாக்கக் கூடாதா?"

"புலிக்கு ஏற்கெனவே பேரு வச்சிட்டாங்க சார்."

"மயிலு?"

"அதுக்கும்."

இயற்கை தன்னைக் கேட்காமல் இவ்வளவு தூரம் போய்விட்டதில் அவருக்கு வருத்தம்தான். "சரி, எதுவா வேணா இருக்கட்டும். புதுசா இருக்கணும், எம் பேரு இருக்கணும். கெடச்சா ஒங்க துறை இருக்கும். கெடைக்கலைன்னா அந்த ரூமுக்கு ஏசி வருது."

மறுவாரம் நாஜியா அய்யனார் கோவில் அடிவாரத்துக்குப் போனபோது தாளாளரும் வந்தார். கூடவே ஒரு புகைப்படக்காரரும் வந்தார். நாஜியா ஆடுகளின் காதுகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, 'கள ஆய்வில் தாளாளர்' என்ற தலைப்புக்குத் தோதான இடம் தேடிய பாண்டிதுரை, ஆடுகள் படுத்து எழுந்த புல்லில் வெள்ளை வேட்டியோடு அமர்ந்து, பூதக்கண்ணாடியால் மலையைப் பார்த்தார். படம் நன்றாக வந்தது. நாஜியாவுக்குக் கிடைத்த உண்ணிகளில் ஒன்றுகூடப் புதிது இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தாளாளர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. போனபோது பாண்டிதுரை சோபாவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வெங்கடேஸ்வரி, உள்ளே மிளகு போல ஒன்று மிதந்த சின்ன சானிடைசர் பாட்டிலை நீட்டினார்.

"டீச்சர், இது ஒங்க படிப்புல வாரதான்னு பாருங்க. இவியளுக்கு ரெண்டு நாளா ஒரே அரிப்பு. புருவம் எடுக்கிற இடுக்கிய வச்சு, தலை அறாம நான்தான் எடுத்தேன்."

"எங்க ஒட்டியிருந்துச்சு மேடம்?"

வெங்கடேஸ்வரி சொன்னார். பாண்டிதுரை சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

வாய்ப்பகுதி சிதையாமல் இருந்த அந்தப் பெண் உண்ணி, மைக்ராஸ்கோப்பில் நாஜியா அறிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. மதுரையில் மரபணுச் சோதனை செய்தார். வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்குப் படங்களை அனுப்பினார். புது இனம்தான் என்று பதில் வந்தது. நாஜியா இனிப்பு வாங்கிக்கொண்டு தாளாளர் வீட்டுக்குப் போய், பெயரை எழுதிக் காட்டினார்: பாண்டிதுரையி.

"கடைசியில அந்த 'யி' எதுக்கு?"

"லத்தீன் முறை சார். மரியாதைக்கு."

"அப்ப இருக்கட்டும்." ஆனாலும் ஒரு தயக்கம் இருந்தது. "ரத்தம் குடிக்கிறதுக்குக் காலேஜ் நடத்துறவன் பேரா? ஃபீஸ் கட்டுறவன் என்ன பேசுவான்?"

"பொருத்தமா இருக்குன்னு பேசுவான்" என்றார் வெங்கடேஸ்வரி.

"ஏட்டி, உள்ள போ."

அவர் போகவில்லை. பாண்டிதுரை நத்தையை நினைத்துப் பார்த்தார். நினைக்க நினைக்கத் தெம்பு வந்தது. "நத்தைய மிதிச்சாச் செத்துரும். உண்ணி மிதிச்சாலும் சாகாது. வையுங்க."

கட்டுரை ஆய்விதழுக்குப் போனது. மதிப்பாய்வாளர் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தார்: மாதிரி உண்ணி யார் உடலில், எந்த இடத்தில் ஒட்டியிருந்தது? துல்லியமாகக் குறிப்பிடவும். நாஜியா மறுபடியும் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

"மாடுன்னு போடுங்க" என்றார் பாண்டிதுரை.

"முடியாது சார். பொறவு ஒருத்தர் மாட்டுல தேடிப் பாத்து இல்லன்னு எழுதுவார். பொய்னு தெரிஞ்சா கட்டுரையவே தூக்கிருவாங்க. ஒங்க பேரும் சேந்து போயிரும்."

பேர் போகும் என்றதும் அவர் நிமிர்ந்தார். "மனுசன்னே இருக்கட்டும். நாந்தான்னுகூடப் போடுங்க, அறிவியலுக்கு ரத்தம் குடுத்த மாதிரி இருக்கும். எடத்த மட்டும் தொடைன்னு போட்ருங்க."

"தொடையா?" அடுப்படியிலிருந்து வெங்கடேஸ்வரியின் குரல் வந்தது. "தொடைன்னா நீங்களே பாத்து எடுத்திருப்பியளே. என்னைய எதுக்குக் கூப்பிட்டிய?"

நாஜியா சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் கண்ணில் ஏசி மட்டும்தான் தெரிந்தது. "சார், இது இங்கிலீசுல, பொடி எழுத்துல, ஒரே ஒரு வரி. உண்ணி நிபுணருங்கதான் படிப்பாங்க. உலகத்துலயே கொஞ்சப் பேரு."

"அதுல நம்ம ஊர்க்காரன் எவனும் உண்டா?"

"நான் ஒருத்திதான் சார்."

"அப்ப உள்ளதையே போடுங்க" என்றார் பாண்டிதுரை, உண்மைக்காக ராஜ்யத்தைத் துறப்பவர் போல.

கட்டுரை வெளிவர எட்டு மாதம் ஆனது. அதற்குள் அவர் அரிப்பை மறந்திருந்தார். அரிப்போடு சேர்த்து அந்த ஒரு வரியையும் மறந்திருந்தார். சால்வைகள் வந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டியாளர் வைத்திருந்த நத்தை பிளக்ஸ் வெயிலில் வெளுத்துப்போயிருப்பதைக் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் தமிழ்த்துறைத் தலைவர் பரிபூரணத்தையும் நாஜியாவையும் அழைத்தார்.

"கட்டுரைய முழுசா நல்ல தமிழ்ல எழுதுங்க. கருப்பு கிரானைட்ல செதுக்கி வாசல்ல நிறுத்துவோம். அடுத்த மாசம் தரச்சான்றுக் குழு வருதுல்லா, அவங்க கையாலயே தெறக்கட்டும்."

"முழுசாவா சார்?" என்றார் நாஜியா. "சுருக்கமா வச்சா..."

"சுருக்கமாவா? அவன் வச்சது பிளக்ஸு. நம்மளது கல்லு. ஒரு வரி கொறஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"சரிங்க சார்" என்றார் நாஜியா. கட்டுரையைப் பரிபூரணத்திடம் நீட்டினார்.

பரிபூரணம் கடமை தவறாதவர். ஒவ்வொரு உறுப்புக்கும் அகராதியில் தேடித் தூய தமிழ்ச் சொல் கண்டுபிடித்தார். கல் வந்தது. எழுத்துகளுக்குப் பொன் வண்ணம் பூசினார்கள். திரை விலகியதும் குழுத் தலைவர் மைக் முன்னால் உரக்க வாசிக்கத் தொடங்கி, பாதியில் மனதுக்குள் வாசிப்பதற்கு மாறினார். பின் வரிசை மாணவர்கள் அதற்குள் கல்லருகே வந்து செல்போனில் படம் எடுத்துவிட்டார்கள்.

அன்று மாலையே கல் தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த வரியை மட்டும் தேய்த்தால் பள்ளம் விழும், பிறகு வருகிறவர்கள் பள்ளத்தைத்தான் முதலில் கேட்பார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். கல்லை எடுக்கவும் வழியில்லை. கல்லூரியில் பாராட்டத்தக்க துறை விலங்கியல், அதற்குச் சான்று வாசலில் உள்ள கல் என்று குழு எழுதிவிட்டுப் போயிருந்தது. துறை மூடப்படவில்லை. நாஜியா இப்போதும் அதே பஸ்ஸில்தான் வருகிறார். அறைக்கு ஏசி வந்துவிட்டது, உண்ணிகளுக்காக.

கல்வெட்டின் ஒன்பதாவது வரியில், மாதிரி ஒட்டியிருந்த இடம் இக்கல்லூரித் தாளாளரின் வலது பிட்டம் என்று இருக்கிறது.