இரண்டாவது பிரேக்

எனக்குத் தெரிந்த ஒரே ஓவியர் என் மருமகள். அதனால்தான் அவளைப் பிடித்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்து ஓவியர்களை எல்லாம் கூட்டிவந்து வரிசையாக நிறுத்தினாலும் நான் அவளைத்தான் கைகாட்டுவேன். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மாமியார் என்றால் கொஞ்சம் கெத்து வேண்டாமா?

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு, அது எனக்கு. என் கால் எப்போதும் அதன்மேல் இருக்கும், வாய் எப்போதும் திறந்திருக்கும். மூக்குக்கு மேல் கோபம் வருகிற பிறவி நான். நடுச்சாலையில் வண்டியை அணைத்துவிட்டு முழிக்கிறவனைக் கொஞ்சவா முடியும்? மருமகளுக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். எவ்வளவு திட்டினாலும் "சரிங்க அத்தை" என்பாள், அவ்வளவுதான்.

அவள் வரைவதற்கு சர்ரியலிசம் என்று பெயராம். என் வாயில் அது முழுசாக நுழையாது. கனவு மாதிரிப் படங்கள் என்று மகன் விளக்கினான். முதல் படத்தைக் கூடத்தில் மாட்டினாள். பச்சை விளக்கு எரிகிற சிக்னல். சாலை நடுவில் உடம்பே இல்லாமல் இரண்டு கையும் இரண்டு காலும் தனித்தனியாக நிற்கின்றன. பின்னால் வண்டிகள் காத்திருக்கின்றன. பார்த்ததும் எனக்கு அந்தக் கைகால்கள்மேல் அப்படி ஒரு பரிதாபம் வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அதன்முன் நின்றுவிட்டுத்தான் போவேன். இன்னொன்றில் ஒரு பெரிய முகம், அதன் மூக்கின்மேல் ஒரு குட்டி மனுஷி, சிவக்கச் சிவக்க, இடுப்பில் கைவைத்து நின்றாள். வீட்டில் யாரும் இல்லாதபோது அதைப் பார்த்துக் கண்ணில் நீர்வரச் சிரித்திருக்கிறேன்.

போன வாரம் அவளுடைய கண்காட்சி. பெரிய கூடம், வெள்ளைச் சுவர்கள், நல்ல கூட்டம். என் அக்காவும் கூட வந்திருந்தாள். சிக்னல் படத்தின்முன் நின்றவள் களுக்கென்று சிரித்தாள்.

"ஏண்டி, இது நீ சொல்றதுதானே? 'கையும் ஓடல காலும் ஓடலன்னு நின்னா, பின்னாடி வர்றவன் என்ன பண்ணுவான்'னு கத்துவியே."

எனக்குச் சுரீர் என்றது. சுற்றிப் பார்த்தேன். மூக்கின்மேல் நிற்கிற மனுஷி, என் கோபம். ஒருவன் காதைச் சுற்றிக் கிளம்பிய பூச்சரம் அறை முழுக்க நிறைந்து ஜன்னல் வழியாக வழிந்துகொண்டிருந்தது. அடுத்ததில் ஒரு வழுக்கைத் தலைமேல் அம்மி, அம்மியில் மிளகாய். எல்லாம் என் வாய். தினமும் பேசுகிறவளுக்குத் தன் பேச்சு காதில் விழுவதில்லை போலிருக்கிறது.

"உன்ன ஊர் சிரிக்க வச்சுட்டாடி," என்றாள் அக்கா. "நேர்ல சொல்ல முடியாததை எல்லாம் சுவத்துல மாட்டிட்டா."

அக்கா வெறும் வாயை மெல்லுகிறவள், இப்போது அவல் வேறு கிடைத்துவிட்டது. ஆனாலும் தைத்துவிட்டது. இத்தனை வருஷம் அந்தப் படங்கள்முன் உருகி நின்றவள் நான். என்னைக் கேலி செய்கிற படங்களுக்கா உருகினேன்? உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் "சரிங்க அத்தை" என்றாளா? இது தெரியாமல் இனி ஒரே வீட்டில் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அந்த நேரம் பார்த்து ஒருவர் அவளைக் கேட்டார். "இந்தக் கற்பனையெல்லாம் எங்கேருந்து வருது? கனவுலயா?"

அவள் கூச்ச சுபாவம். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கனவெல்லாம் இல்லைங்க. எங்க அத்தை பேசுறதுதான். கார் ஓட்டக் கத்துக்கொடுத்தப்ப அவங்க திட்டத் திட்ட எனக்கு அதெல்லாம் படமாத் தெரிஞ்சுது."

கூட்டம் சிரித்தது. அக்கா என் விலாவில் இடித்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன்.

வாசலை ஒட்டிய சுவரில் கடைசிப் படம் இருந்தது. வீட்டில் துணிபோட்டு மூடியே வைத்திருந்த படம், நான் பார்த்ததில்லை. ஒரு கார். பக்கத்து இருக்கையில் என்னைப்போல் பருமனாக ஒருத்தி. அவள் வயிற்றில் சின்ன ஜன்னல் திறந்திருக்கிறது. ஓட்டுகிற பெண் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அந்த ஜன்னலுக்குள் செம்பிலிருந்து பால் ஊற்றுகிறாள்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு அக்கா தேவைப்படவில்லை. போன வருஷம் என் மார்பில் ஒரு கட்டி வந்தது. ரிப்போர்ட் வாங்க மருமகள்தான் என் பயிற்சிக் காரில் என்னை வைத்து ஓட்டிக்கொண்டு போனாள். வழி நெடுக நான் வாயே திறக்கவில்லை, வயிற்றில் புளியைக் கரைத்தது. என்னைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு உள்ளே போனவள் ஓட்டமாகத் திரும்பி வந்தாள்.

"வெறும் கொழுப்புக் கட்டிதானாம் அத்தை."

"எனக்குக் கொழுப்புன்னுதான் ஊருக்கே தெரியுமே," என்றேன். அப்புறம் அழுதுவிட்டேன். "வயித்துல பால வார்த்தடி."

படத்துக்கு இன்னும் கிட்டப் போனேன். இருக்கையில் அந்தப் பருமனானவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய செருப்புகள் கீழே கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டாவது பிரேக், மிதிக்க ஆளில்லாமல்.

ரிப்போர்ட் வாங்கிய அன்று வீடு திரும்பும்போது நான் அப்படித்தான் உட்கார்ந்து வந்தேன். அந்த இருக்கையில் என் கால் பிரேக்கை விட்டு வந்தது அன்றைக்கு மட்டும்தான். பெற்ற மகன் ஓட்டியபோதுகூட எடுத்ததில்லை. எனக்கே பாதி வழியில்தான் தெரிந்தது. சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தவள் அதைக் கவனித்திருக்கிறாள், மனசில் வைத்திருந்திருக்கிறாள். கேலி செய்கிறவள் கண்ணில் அதெல்லாம் படாது.

"உங்க அத்தை வந்திருக்காங்களா?" என்று யாரோ கேட்டார்கள். மருமகள் என்னைத் தேடினாள். நான் பையோடு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போனது.

"வந்திருக்கேன்," என்றேன், பயிற்சி மைதானத்தில் கத்துகிற அதே குரலில். "பேச்செல்லாம் என்னோடது. கை அவளோடது. நான் திட்டுனத வாங்கிக்கிட்டு இப்படித் திருப்பித் தர யாராலயும் முடியாது. எனக்குப் பிடிச்ச ஓவியர் யாருன்னு கேட்டா, இவதான்."

"யாருமே கேக்கலையேடி," என்றாள் அக்கா.

"கேக்காட்டியும் சொல்லுவேன்."

வீட்டுக்கு என் பயிற்சிக் காரை மருமகள்தான் ஓட்டினாள். அக்கா பின்னால் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். கார் கிளம்பியதும் நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டேன். மருமகள் ஓரக்கண்ணால் என் காலைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அத்தை, பிரேக்கு..."

"உன் பக்கம் ஒண்ணு இருக்குல்ல, அது போதும். ரோட்டப் பாருடி."