ஆறாவது வால்வு

மூன்றாம் நாளும் அதே "டிக், டிக், டிக்" கேட்டபோது வந்த ஆத்திரத்தில் ஸ்பானரைச் சுவரில் விட்டெறிந்திருப்பேன். அண்ணன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே வைத்தேன்.

"டேப்பட்தான்டா, வால்வு இடைவெளி சரியில்ல" என்றார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். மெக்கானிக் நான், வைத்தியம் சொல்வது அவர்.

"நேத்துதானே வச்சேன்?"

"நீ வச்ச லட்சணம்!"

கார் அவருடையது. நாற்பத்தைந்து வயது அதற்கு. பன்னிரண்டு வருடம் ஷெட்டில் தூசி தின்றுகொண்டு கிடந்தது. போன வருடம் திடீரென்று, இதை ஓட வை, மகள் வீட்டுக்குப் போகணும் என்றார். மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு ஒன்பது வருடமாகிறது. அன்று 'உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்' என்று கத்திய மனிதர் ஒருவழியாக இறங்கி வந்தார். அதிலும் ஒரு முறுக்கு. பஸ்ஸில் போய்ப் பையும் கையுமாக இறங்க மாட்டாராம், வாடகைக் காரும் ஆகாதாம். சொந்தக் காரில், தானே ஓட்டிக்கொண்டு போய், வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பாராம். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. முதலில் அப்பா வரட்டும், அப்புறம் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

அண்ணனுக்குத் தெரியாத ஒன்று எனக்கும் அண்ணிக்கும் தெரியும். போன மாதம் டாக்டர் எங்கள் இருவரையும் தனியாக அழைத்து, ஈரலில் வந்த புற்று பரவிவிட்டது, மூன்று மாதம் போனால் அதிகம் என்றார். அண்ணனிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறோம். மகளிடம் சொன்னால் அழுதுகொண்டு ஓடி வருவாள். ஒன்பது வருடம் எட்டிப் பார்க்காதவள் ஏன் வந்தாள் என்று அவருக்கு அந்த நொடியே விளங்கிவிடும். அதனால் எங்கள் நம்பிக்கை எல்லாம் இந்தத் தகர டப்பாவின் மேல்.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். முன்பக்கம் ஒன்றுமில்லை. நடுவைத் தாண்டியதும் காதுக்குள்ளேயே தட்டியது. மூடியைக் கழற்றி, எண்ணெய் முகத்தில் தெறிக்கத் தெறிக்க, ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வின் இடைவெளியிலும் மெல்லிய அளவுத் தகட்டைச் செருகிப் பார்த்தேன். ஆறாவது வால்வில் சத்தம் வாயை மூடிக்கொண்டது. உருவினேன், மறுபடி ஆரம்பித்தது.

"நான் சொல்லல?" என்றார் அண்ணன். அப்படி ஒரு பெருமை.

எஞ்சினை நிறுத்தி அளந்தேன். நேற்று பன்னிரண்டாம் நம்பர் தகடு பிடித்துப் பிடித்துப் போன இடத்தில் இன்று அதைவிடத் தடித்த இருபதாம் நம்பர் தொளதொளவென்று போனது. பூட்டு நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. நேற்று வண்டி ஓடியதே அரை மணி நேரம். அதற்குள் இடைவெளி இவ்வளவு விரிகிறதென்றால் கோளாறு மேலே இல்லை, அடியில்.

அசைவை அளக்கும் டயல் கேஜை மாட்டி, எஞ்சினைக் கையால் சுற்றி, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தேன். எட்டில் ஏழு ஒரே அளவு. ஆறாவது பாதிகூட இல்லை. கேம் ஷாஃப்டில் அந்த வால்வைத் தள்ளுகிற மேடு தேய்ந்து மழுங்கிவிட்டது. ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்தேன். வெயிலில் இரும்புத் தூள் மினுமினுத்தது. அது பேரிங்கையெல்லாம் தின்ன ஆரம்பித்திருக்கும். மகள் வீடு நாலு மணி நேரத் தொலைவு. இந்த எஞ்சின் பாதி வழிகூடத் தாங்காது.

மாதக்கணக்கில் காத்திருந்து வரவழைத்துப் போட்ட புது கேம் ஷாஃப்ட் எப்படித் தேய்ந்தது என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. புதிதாகப் போட்டால், முதல் முறை ஸ்டார்ட் ஆன கையோடு இருபது நிமிடம் வேகத்தைக் குறைக்காமல் ஓட்ட வேண்டும். அடங்கி ஓடவிட்டால் மேடுகளுக்கு எண்ணெய் தெறிக்காது, உலர்ந்தே உரசும். கத்துக்குட்டிக்கும் தெரிந்த விஷயம். போன வாரம் எஞ்சின் உயிர் பெற்றதும், அண்ணன் மட்கார்டில் கை வைத்துக்கொண்டு, "இரைச்சலக் குறைடா. அது மெதுவா ஓடுறதக் கேக்கணும்" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். தெரிந்தேதான் கார்புரேட்டரிலிருந்து கையை எடுத்தேன். பத்து நிமிடம் அவர் எஞ்சினைக் கேட்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னடா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"கேம் ஷாஃப்ட் போயிடுச்சுண்ணே."

"புதுசாச்சேடா!"

உண்மையைச் சொன்னால், கேட்க ஆசைப்பட்டது நான்தானே என்று மருகியே சாவார்.

"மால் சரியில்ல. அனுப்பினவன் ஏமாத்திட்டான்."

அனுப்பியவனின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைதார் அண்ணன். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. சத்தம் கேட்டு அண்ணி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏங்க, இந்த ஒரு தடவ வாடகக் கார்ல போயிட்டு வந்துடலாமே. தம்பி ஓட்டட்டும்."

"எதுக்கு? பின்னாடி யாராவது தொரத்துறாங்களா?" அண்ணன் சிரித்தார். "இன்னொண்ணு சொல்லிடுடா. வர எத்தன மாசம் ஆகும்?"

"எட்டு மாசம் ஆகும்ணே."

கையைப் பிடித்து இழுத்து, அண்ணே நேரமில்லை, இப்பவே கிளம்பு என்று சொல்லிவிடத் துடித்தேன். அண்ணி வேண்டாமென்று தலையசைத்தார். அவர் அசைக்காவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அவ்வளவுதான் என் தைரியம்.

"எட்டு மாசந்தானே? ஒம்போது வருஷம் இருந்தவ இதுக்கு இருக்க மாட்டாளா? இப்பவே என் எதிர்ல போன் போடு, நீ மறந்துடுவ."

போட்டேன். பார்சல் யார் பேருக்கு என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் கேட்டான். அண்ணனைப் பார்த்தேன்.

"என் பேரச் சொல்லு. இந்தத் தடவ நானே பிரிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றார்.

சொன்னேன். ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள் என்றான். அண்ணியின் பக்கம் பார்க்காமல், எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.