அசையாத எழுநூற்று இருபது

போன மே மாதம் எங்கள் வீட்டு கராஜில் ஒரு கடவுள் குடியேறினார். சிவப்பு எண்களில் மட்டும் பேசுகிற கடவுள். ஈயம் உருக்கும் பானையின் சூட்டை ஏறாமல் இறங்காமல் வைத்திருக்கும் பெட்டி அது. என் கணவன் ஆர்லோ தபாலில் வரவழைத்தான். பெட்டியிலிருந்து ஒரு கம்பி பானைக்குள் இறங்கும். கம்பி நுனி சூட்டைச் சொல்லும், அதற்கேற்ப பெட்டி அடுப்பைக் கூட்டும், குறைக்கும். எழுநூற்று இருபது டிகிரி ஃபாரன்ஹீட். அந்த எண்ணைச் சொல்கிற உருக்கத்தோடு ஆர்லோ என் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே சொர்க்கம் போயிருப்பேன்.

அமெரிக்காவின் மொன்டானாவில் எங்கள் சுடும் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் பழைய பாணிக் கரிமருந்துத் துப்பாக்கிக்காரர்கள். குண்டைக் கடையில் வாங்குகிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். தானே ஈயம் உருக்கி, தானே அச்சில் ஊற்றி, ஐந்நூறு மீட்டருக்கு அப்பால் சும்மா நிற்கிற இரும்புத் தகட்டில் வெட்டிய செம்மறிக் கடாவைச் சுட்டுச் சாய்க்க வேண்டும். கடா என்ன பாவம் செய்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

செப்டம்பர் பந்தயத்துக்கு அணியில் நாலு பேர். நாலாவது இடம் பதினோரு வருஷமாக ஆர்லோவுடையது. நானும் பதினோரு வருஷமாகப் போகிறேன், உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தோடு. வெறும் பாத்திரம் தூக்கவா எனக்குக் கை இருக்கிறது? கல்யாண வெள்ளி விழாவுக்கு ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கி வாங்கினோம். என்னுடையது பெரும்பாலும் அலமாரியைத்தான் காவல் காத்தது. இந்த வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. அணித் தலைவர் ஹில்டிங்கிடம் நேராகவே கேட்டேன்.

"நாலாவது இடம் எனக்கு வேணும்."

"அய்யய்யோ, அப்ப சாலட் யாரு பண்றது வெர்னா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி சரி. சனிக்கிழமை ரெண்டு பேரும் சுடுங்க. ஆளுக்கு நாப்பது தோட்டா, கடைசிப் பத்து கடாவுக்கு. யாரு அதிகமா சாய்க்கிறாங்களோ அவங்க அணியில. சமமா வந்தா, கடா யாருக்குக் கூடவோ அவங்க."

செவ்வாய்க்கிழமை நான் என் குண்டுகளை ஊற்றினேன். முகாம் அடுப்பு, இரும்புச் சட்டி, கரண்டி. கடவுள் யாரும் கிடையாது. சட்டியை எப்போதும் முக்கால் நிறைய வைத்திருந்தேன். அடுத்த ஈயக்கட்டியைச் சட்டி விளிம்பிலேயே சுடவைத்து, அப்புறம்தான் உள்ளே இறக்கினேன். பச்சையாகப் போட்டால் சூடு சட்டென்று விழுந்துவிடும். அச்சின் வாயில் மிஞ்சும் துண்டுகளைத் திரும்பப் போடாமல் டப்பாவில் சேர்த்தேன். எடை மாறினால் குறியும் மாறும் என்று ஒவ்வொரு குண்டையும் எடை போட்டேன். அறுபது தேறியது.

வியாழக்கிழமை ஆர்லோவின் பூஜை. மெழுகு போட்டுக் கசடு எடுக்க வழக்கம்போல நான்தான் எடுபிடி.

முதல் அரைமணி நேரம் எல்லாம் ஒழுங்கு. மிச்சத் துண்டைப் பானையில் போடுவான், எண் எழுநூற்றுப் பத்துக்கு இறங்கும், மெல்ல ஏறும். பானை பாதி காலியான பிறகு துண்டைப் போட்டான். எண் அசையவில்லை. இன்னொன்று போட்டான். எழுநூற்று இருபது, கல்லுப்பிள்ளையார் மாதிரி.

"பாத்தியா? மெஷின் என் கையைக் கத்துக்கிச்சு!"

"ஆர்லோ, குளிர்ந்த துண்டு விழுந்தா எண் எறங்கணும். ஏன் எறங்கல?"

குனிந்து பார்த்தேன். கம்பி அடியில் முட்டக் கூடாதென்று அவன் மேலே இறுக்கி வைத்திருந்தான். ஈயம் குறைந்து, நுனி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டி காற்றின் சூட்டைத்தான் அளக்கிறது. கீழே ஈயம் எவ்வளவு கொதிக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. சூடு மீறிப்போய்க் குண்டெல்லாம் வெள்ளை பூத்து விழுந்தன.

"கம்பி ஈயத்துல இல்ல. காத்துல நிக்குது."

"வெர்னா, எண் அசையல. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"எடையாவது போட்டுப் பாரு."

"எண்ணே அசையாதப்ப எடை எப்படி அசையும்? நீ மெழுகைப் போடு தாயே."

மெழுகைப் போட்டேன். வாயை மூடிக்கொண்டேன். பாவம் என்றும் தோன்றியது, நன்றாக வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டாவதுதான் அதிகம்.

சனிக்கிழமை காலையில் நான் சுட்டு முடித்தேன். நாற்பதுக்கு இருபது, அதில் கடா நாலு. பிறகு ஆர்லோ சுடுவதற்குக் குப்புறப் படுத்தான். தொலைநோக்கியோடு பக்கத்தில் உட்கார்ந்து, குண்டு எங்கே போனது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது யார் என்று கேட்கவும் வேண்டுமா?

ஆர்லோ நன்றாகச் சுடுகிறவன், அதை நான் மறுக்க மாட்டேன். கிட்டத்து இலக்குகளில் அந்தக் குண்டுகளை வைத்தே முப்பதுக்குப் பதினைந்து சாய்த்தான். கடா வந்ததும் சாயம் வெளுத்தது. ஒன்று மேலே. ஒன்று இடது. ஒன்று எங்கே போனதென்று ஆண்டவனுக்கே வெளிச்சம். முதல் ஐந்து தோட்டாவும் வீண். மிச்சம் ஐந்து கடா.

அவன் துப்பாக்கியைக் கீழே வைத்தான். காது சிவந்திருந்தது.

"வெர்னா... உன் தோட்டா மிச்சம் இருக்கா?"

இருபது இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாலாவது இடம் என்னுடையது. கை தோட்டாப் பெட்டி மேலேயே நின்றது.

"வியாழக்கிழமை நான் என்ன சொன்னேன்?"

"இப்பப் போயி..."

"என்ன சொன்னேன்?"

"கம்பி காத்துல நிக்குதுன்னு சொன்ன." மூச்சு விட்டான். "நான் கேக்கல."

இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை. பைத்தியக்காரி நான், ஐந்து தோட்டாவை எண்ணிக் கொடுத்தேன்.

ஐந்து கடாவும் சாய்ந்தன. ஒவ்வொன்றுக்கும் நானேதான் "விழுந்தது" என்று சொன்னேன். ஆளுக்கு இருபது. கடா அவனுக்கு ஐந்து, எனக்கு நாலு.

ஹில்டிங் பேனாவைத் திறந்தார். "அப்ப ஆர்லோதான். வெர்னா, சாலட்ல இந்தத் தடவை முட்டை கொஞ்சம் கூடப் போடும்மா."

நான் தொலைநோக்கியைக் கழற்றி மடக்கிக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது. கரிமருந்துப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

"நில்லுங்க," என்றான் ஆர்லோ. "அந்த அஞ்சு குண்டும் அவ ஊத்தினது. என் குண்டு ஒரு கடாவைக் கூடத் தொடல. அவ பேரை எழுதுங்க."

"சட்டப்படி பாத்தா..."

"யோவ், எழுதுய்யா!"

எழுதினார்.

வீட்டுக்கு வந்தோம். ஆர்லோ வண்டியைக் கராஜ் முன்னால் நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"வெர்னா."

"ம்."

"உருளைக்கிழங்கை எத்தனை டிகிரியில வேகவைக்கணும்?"

"மூடியைத் தெறந்து குத்திப் பாரு," என்றேன்.